உலகம் மாறலாம், வந்தியத்தேவன் மாறலாமா? ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளம் பற்றி ஒரு மதிப்புரை

ரசிகர் புனைகதைகளை, அதாவது ஒரு படைப்பின் ரசிகர்கள் அதன் மாந்தர்களை வைத்து எழுதும் கதைகளை, வாசிப்பவர்களிடையே ‘ஏயூ’ என்று சுருக்கமாக வழங்கப்படும் மாற்று உலகக் கதைகளுக்கென்றே ஒரு கூட்டம் உண்டு. மூலக் கதையின் மாந்தர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் வாழ்ந்த காலத்தையோ ஊரையோ தொழிலையோ முற்றிலும் மாற்றி எழுதுவது இவ்வகை. சோழ இளவரசி இன்றைய சென்னையில் மருத்துவமனை நடத்தலாம். லண்டன் துப்பறிவாளர் காபிக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கலாம். எழுத எளிதாகத் தோன்றும் இவ்வகைதான் உண்மையில் கடினமானது. அரண்மனையும் குதிரையும் வாளும் போன பிறகு, அந்த மனிதரை வாசகர் அடையாளம் காண்பதற்குக் குணத்தைத் தவிர வேறெதுவும் மிஞ்சுவதில்லை. இத்தகைய கதைகளைத் தேடிப் படிக்க இன்று இருக்கும் இடங்களில் நான் முதலிடம் தருவது ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் இணையத்தளத்துக்கு. வாசகர்கள் அதை ‘ஏஓ3’ என்பார்கள். மாற்று உலகக் கதைகளை நாடி வரும் ஒருவருக்கு அது எந்த அளவுக்குத் துணை நிற்கிறது, எந்த இடத்தில் கையை விரித்துவிடுகிறது என்பதைப் பற்றியே இந்த மதிப்புரை.

தளத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் வொர்க்ஸ்’ என்ற இலாப நோக்கற்ற அமைப்பு இதை நடத்துகிறது. 2009 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது, நன்கொடைதான் வருவாய். நிர்வாகம் முதல் நிரல் எழுதுவது வரை பெரும்பகுதி வேலையைத் தன்னார்வலர்களே பார்க்கிறார்கள். 2019இல் அறிவியல் புனைவுலகின் பெரும் விருதான ஹியூகோ விருது, தொடர்புடைய படைப்புகளுக்கான பிரிவில் இத்தளத்துக்கு வழங்கப்பட்டது. இந்தப் பின்னணியால் வாசகருக்குக் கிடைக்கும் நேரடிப் பயன் ஒன்று உண்டு. விளம்பரதாரரின் பொருட்டு நம்மைப் பிடித்து உட்கார வைக்க வேண்டிய அவசியம் தளத்துக்கு இல்லாததால், ‘உங்களுக்குப் பிடிக்கக்கூடியவை’ என்று எதையும் அது நம்மேல் திணிப்பதில்லை. கதைகள் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாளின் வரிசையில் வருகின்றன. வேண்டியதைத் தேடி எடுப்பது நம் பொறுப்பு.

தேடுவதற்குத் தளம் தரும் கருவி குறிச்சொற்கள். அதன் வலிமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒவ்வொரு கதையின் தலைப்புக்குக் கீழும் மூலப் படைப்பின் பெயர், மாந்தர்களின் பெயர்கள், அவர்களுக்கிடையிலான உறவு, கூடுதல் குறிப்புகள் ஆகியவை இணைப்புகளாக நிற்கின்றன. இரு பெயர்களுக்கிடையே சாய்கோடு இருந்தால் காதல், ‘&’ குறி இருந்தால் நட்போ குடும்ப உறவோ என்பது அங்கு எல்லோரும் அறிந்த வழக்கம். கூடுதல் குறிப்புகளில்தான் மாற்று உலகத்தின் வகை வரும். ‘ஆல்டர்னேட் யூனிவர்ஸ் - மாடர்ன் செட்டிங்’ என்றால் பழைய மாந்தர்கள் நம் காலத்துக்கு வந்துவிட்டார்கள் என்று பொருள். ‘கேனன் டைவர்ஜென்ஸ்’ என்றால் உலகம் அதேதான், மூலக் கதையின் ஒரு திருப்பத்தில் மட்டும் பாதை பிரிகிறது. காபிக் கடை, பள்ளிக்கூடம், பிறவித் துணை என்று இன்னும் எத்தனையோ கிளைகள் உள்ளன. இவற்றில் எதை வேண்டுமானாலும் சேர்த்தும் விலக்கியும் பட்டியலைச் சுருக்கலாம். சொற்களின் எண்ணிக்கைக்கு எல்லை வகுக்கலாம். முடிந்த கதைகளை மட்டும் காட்டச் சொல்லலாம்.

எழுத்தாளர்கள் ஆளுக்கொரு விதமாகக் குறிச்சொல் இடுவார்கள் அல்லவா? ஒருவர் ‘மாடர்ன் ஏயூ’ என்பார், இன்னொருவர் ‘இக்கால மாற்று உலகம்’ என்பதை ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியமாகவே எழுதிவைப்பார். அவற்றைப் படித்துப் பார்த்து, ஒரே பொருள் தருபவற்றை ஒரே பொதுக் குறிச்சொல்லின் கீழ் இணைப்பதற்கென்று ‘டேக் ராங்லர்கள்’ எனப்படும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எழுத்தாளர் தம் சொல்லை மாற்ற வேண்டியதில்லை. வாசகர் எந்தச் சொல்லைச் சொடுக்கினாலும் அந்தக் கதைகள் எல்லாம் வந்து சேரும். நூலகத்தில் அட்டவணை தயாரித்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு உழைப்பு என்பது புரியும். மனிதர்கள் கண்ணால் பார்த்துச் செய்யும் இந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். 1998இல் தொடங்கிய ஃபேன்ஃபிக்ஷன்.நெட் தளத்தில் இந்த வசதி இல்லை. தளம் வகுத்த வகைகளில் இரண்டையும், மாந்தர்களில் நால்வரையும் தேர்ந்தெடுப்பதோடு அங்கே எழுத்தாளரின் உரிமை முடிந்துவிடுகிறது. கதை மாற்று உலகத்தில் நடக்கிறது என்பதைச் சுருக்கத்தில் எழுதினால்தான் உண்டு.

ஆனால் இவ்வளவு நுட்பமான கருவியும் சொல்வது உலகத்தைப் பற்றி மட்டுமே. கதை எங்கே நடக்கிறது, யார் யாரைக் காதலிக்கிறார்கள், முடிவு சோகமா சுகமா என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. உள்ளே இருப்பவர் நமக்குத் தெரிந்த அதே ஆள்தானா என்பது தெரிவதில்லை. ‘அவுட் ஆஃப் கேரக்டர்’, அதாவது குணம் மாறியிருக்கிறது, என்று ஒரு குறிச்சொல் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் இடுபவர்கள் தன்னடக்கம் மிகுந்த எழுத்தாளர்கள்தாம்; உண்மையிலேயே குணத்தைத் தொலைத்தவருக்கு அது தொலைந்தது தெரியாது, ஆகவே அவர் அதை இடவும் மாட்டார். தளத்தின்மேல் இதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். தரத்தைத் தீர்மானிப்பதில்லை என்பது அதன் அடிப்படைக் கொள்கை. அந்தக் கொள்கையால்தான் முதல்முறை எழுதுபவரும் தயங்காமல் கதையைப் பதிவிடுகிறார். எனினும் புதிதாக வரும் வாசகர் இதைத் தெரிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

தெரிந்த மாந்தரை வைத்துச் சொன்னால் இது தெளிவாகும். பொன்னியின் செல்வனுக்கு இத்தளத்தில் தனிப் பகுதி உண்டு. 2022இலும் 2023இலும் திரைப்படங்கள் வெளியான பிறகு அது நன்றாகவே வளர்ந்தது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால், இதை எழுதலாமா கூடாதா என்ற உரிமைக் கேள்விக்கும் இங்கு இடமில்லை. சோழப் பேரரசை இன்றைய குடும்ப நிறுவனமாக மாற்றுவது எவருக்கும் முதலில் தோன்றக்கூடிய வழி. அது பொருந்தவும் செய்கிறது. கால் விளங்காமல் படுத்திருக்கும் சுந்தர சோழர் நோயுற்ற தலைவராகிவிடுவார். தனாதிகாரியான பெரிய பழுவேட்டரையர் நிதிப் பொறுப்பாளர். கோட்டைக் காவலரான சின்னப் பழுவேட்டரையர் பாதுகாப்பு அதிகாரி. பதவிகள் இவ்வளவு அழகாகப் பொருந்திவிடுவதால், மாந்தர்களும் பொருந்திவிட்டார்கள் என்று எழுத்தாளர் நம்பிவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது.

வந்தியத்தேவனை எடுத்துக்கொள்வோம். அவன் குலத்துக்கு நாடு இருந்தது, இப்போது இல்லை. பிறருடைய ஓலையைச் சுமந்துகொண்டு ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். வேடிக்கை பார்க்க நின்றுவிடுவான். கேட்கக் கூடாததைக் கேட்டுவிடுவான். திட்டம் போடாமல் குதித்துவிட்டுப் பிறகு வழி தேடுவான். சுந்தர சோழரிடம் ‘அபாயம்’ என்று எச்சரித்துவிட்டு, சின்னப் பழுவேட்டரையர் அதட்டிக் கேட்டவுடன் ‘அபயம்’ என்றுதான் சொன்னதாக அந்த நொடியிலேயே மாற்றிவிடும் நாக்கு அவனுடையது. அத்தனை பொய் சொல்பவன் ஒப்புக்கொண்ட காரியத்தில் மட்டும் பொய்யாவதில்லை. இவ்வளவும் சேர்ந்தவன்தான் வந்தியத்தேவன். அவனை நிறுவனத்தின் திட்டமிடல் துறைக்குத் தலைவனாக்கி, அளந்து பேசும் ஆளாகக் காட்டினால், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அவன் வேறொருவன். மாறாக, மூத்த மகன் கொடுத்த ஒரு பென் டிரைவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காவலாளியிடம் மாட்டிக்கொண்டு, ‘ஐயாவுக்கு மாத்திரை வாங்கிட்டு வந்தேன் சார், சீட்டு உள்ள அக்காகிட்ட இருக்கு’ என்று கூசாமல் அளக்கும் ஓர் இளைஞனைக் காட்டினால், பெயரைச் சொல்லாவிட்டாலும் நமக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

நந்தினி இதைவிடக் கடினம். அவளை இக்காலத்துக்குக் கொண்டுவருவோர் அழகையும் சூழ்ச்சியையும் வயது முதிர்ந்த கணவரையும் மறப்பதில்லை. ஆனால் அந்தச் சூழ்ச்சிக்கு அடியில் இரண்டு புண்கள் இருக்கின்றன. தான் யார் மகள் என்ற கேள்வி ஒன்று. வீரபாண்டியனின் உயிரைக் காக்கும்படி அவள் கெஞ்சியும் ஆதித்த கரிகாலன் கேளாமல் அவன் தலையை வெட்டியது மற்றொன்று. கம்பெனிப் பங்குகளைக் கைப்பற்றத் துடிக்கும் பெண்ணாக அவளை எழுதும்போது இந்த இரண்டாவது புண்ணுக்கு ஈடாக எதையும் வைக்காவிட்டால், மிஞ்சுவது தொலைக்காட்சித் தொடரின் வில்லி மட்டுமே. திரும்பப் பெற முடியாத ஒரு செயல், அவள் கண்முன்னே, அவள் காலைப் பிடித்துக் கெஞ்சிய பிறகும் நடந்திருக்க வேண்டும். இன்றைய தமிழ்நாட்டில் அதற்கு ஈடு என்ன என்று கேட்டுக்கொள்ளும் எழுத்தாளர், கரிகாலனை நிறுவன வாரிசாக வைக்காமல் இளம் காவல்துறை அதிகாரியாக வைத்து, சரணடைய வந்தவனை அவன் என்கவுன்டரில் சுட்டதாக எழுதக்கூடும். அப்போது முழுக் கதையின் அமைப்பும் மாற வேண்டியிருக்கும். நிறுவனமும் பங்குகளும் போய்விடும். போனால் போகட்டும் என்பதே என் கருத்து. மாந்தரின் புண்ணுக்கு ஏற்ற உலகத்தைத் தேடுவதுதான் முறை. உலகத்தை முதலில் கட்டிவிட்டு, அதற்குள் புண்ணை அடக்க முயன்றால் மாந்தர் சுருங்கிப்போகிறார்.

குந்தவையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லலாம். பழையாறையில் இருந்தபடியே நாடு முழுவதையும் தெரிந்துவைத்திருப்பவர் அவர்; அவருடைய ஆசை தமக்காக அல்ல, சோழ நாட்டுக்காக. ஆதுரசாலைகள் அமைத்தவர் என்பதால் மருத்துவமனை நிர்வாகி என்ற வேடம் அவருக்கு இயல்பாகவே பொருந்துகிறது. காதலனுக்காக வேலையை உதறிவிட்டு வெளிநாடு போகும் குந்தவையை மட்டும் எத்தனை குடோஸ் (பிடித்த கதைக்கு வாசகர் ஒரு சொடுக்கில் தரும் பாராட்டு) பெற்றிருந்தாலும் என்னால் ஏற்க முடியாது.

உலகம் முழுவதும் எழுதப்படும் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளிலும் இதே சோதனையைக் காணலாம். 2010இல் பிபிசி அந்தத் துப்பறிவாளரைக் கைப்பேசிக் காலத்துக்குக் கொண்டுவந்தபோது, 1887இல் வெளியான முதல் கதையில் ஆப்கானிஸ்தான் போரிலிருந்து காயத்தோடு திரும்பிய வாட்சன், இம்முறையும் ஆப்கானிஸ்தானிலிருந்தே திரும்பினார். வண்டியும் விளக்கும் உடையும் மாறின. போரைக் கண்டு வந்தவரின் தனிமையும், யாரோ ஒருவருடைய விறுவிறுப்பு தனக்கும் தேவைப்படும் நிலையும் அப்படியே இருந்தன. இத்தளத்தில் ஹோம்ஸைக் காபிக் கடைக்காரராக்கும் கதைகளைப் படிக்கும்போது நான் தேடுவதும் அதுபோன்ற ஒன்றைத்தான். கோப்பையை நீட்டும் வாடிக்கையாளரின் விரல் கறையைப் பார்த்து அவர் தொழிலைச் சொல்லிவிட்டு, கேட்டவர் மனம் புண்பட்டது தெரியாமல் அடுத்த வேலைக்குத் திரும்பும் ஒருவர் கல்லாவுக்குப் பின்னால் இருந்தால் போதும்; குற்றமே நடக்காத கதையிலும் அவர் ஹோம்ஸ்தான். எல்லோரிடமும் இனிக்க இனிக்கப் பேசும் ஹோம்ஸாக இருந்தால், அந்த மாற்றத்துக்குக் காரணத்தை மாற்று உலகமே தந்தாக வேண்டும். அன்பாக வளர்க்கப்பட்ட ஹோம்ஸ் எப்படி இருப்பார் என்று கேட்கும் கதை நியாயமான கதை. கேள்வியே கேட்காமல் அவரை அன்பானவராக்கிவிடும் கதையில் ஹோம்ஸின் பெயர் மட்டுமே இருக்கிறது.

அப்படியானால் நல்ல கதையை இத்தளத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? குடோஸ் எண்ணிக்கையை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்கவில்லை. ஒருவர் ஒரு கதைக்கு ஒருமுறைதான் குடோஸ் தர முடியும். முதல் அத்தியாயத்தில் மகிழ்ந்து தந்துவிட்டு, மேற்கொண்டு படிக்காமல் போனவரின் பாராட்டும் அதில் சேர்ந்திருக்கும். பிடிக்கவில்லை என்று தெரிவிக்க அங்கே பொத்தானே கிடையாது. நாள்பட்ட கதைகளுக்கும் கூட்டம் மிகுந்த படைப்புகளுக்கும் எண்ணிக்கை தானாகவே ஏறும். புத்தகக்குறிகள் இதைவிடப் பயனுள்ளவை. கதையின் விவரங்களில் இருக்கும் புத்தகக்குறி எண்ணைச் சொடுக்கினால், அதைச் சேமித்துவைத்த வாசகர்கள் எழுதிய பொதுக் குறிப்புகள் தெரியும். ‘உலகம் முழுக்க வேறு, ஆனால் ஆள் அதே ஆள்’ என்ற பொருளில் யாரேனும் ஒரு வரி எழுதியிருந்தால், அது ஆயிரம் குடோஸுக்குச் சமம். பட்டியலைப் புத்தகக்குறிகளின் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தும் வசதியும் உண்டு. அதோடு, கதையின் முதல் உரையாடலைப் படித்துவிட்டு, பேசுபவரின் பெயரை மறைத்தாலும் யார் பேசுகிறார் என்று தெரிகிறதா என நான் எப்போதும் பார்ப்பேன். குரல் பிடிபட்டிருந்தால் பெரும்பாலும் குணமும் பிடிபட்டிருக்கும்.

வாட்பேடோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் இருப்பார்கள். 2006இல் டொரொன்டோவில் தொடங்கிய அந்தத் தளத்தில் தமிழ்க் கதைகள் தாராளமாகக் கிடைக்கின்றன; ஒவ்வொரு பத்தியின் பக்கத்திலும் வாசகர் கருத்திடலாம் என்பதால், மாந்தர் தடம் புரளும் இடத்தை வாசகர்கள் அங்கேயே சுட்டிக்காட்டிவிடுகிறார்கள். அந்த வசதி ஏஓ3இல் இல்லை. அத்தியாயத்தின் அடியில்தான் கருத்திட முடியும். ஆனால் இலவசமாகப் படிப்போருக்கு வாட்பேடில் விளம்பரம் குறுக்கே வரும். குறிச்சொற்களை ஒருங்கிணைக்க அங்கே யாரும் இல்லாததால், குறிப்பிட்ட வகை மாற்று உலகத்தைத் தேடிச் சலித்து எடுப்பது சிரமம். தேடலுக்கு ஏஓ3, தமிழ்க் கதைகளின் எண்ணிக்கைக்கு வாட்பேட் என்பதே என் தீர்ப்பு.

ஏஓ3இன் குறைகளில் நம்மவர்களுக்கு முதலில் உறைப்பது மொழிதான். மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, தமிழில் எழுதிப் பதிவிடலாம், தமிழ்க் கதைகளை மட்டும் வடிகட்டியும் பார்க்கலாம். ஆனால் தளத்தின் பொத்தான்களும் பட்டியல்களும் ஆங்கிலத்திலேயே உள்ளன. பொதுக் குறிச்சொற்களும் ஆங்கிலமே. பொன்னியின் செல்வன் பகுதியிலேயே ஆங்கிலக் கதைகள்தாம் மிகுதி. வந்தியத்தேவனின் குறும்பு ஆங்கிலத்தில் வரும்போது, எவ்வளவு திறமையான எழுத்தாளராக இருந்தாலும், ஆழ்வார்க்கடியானோடு அவன் வாயாடும் இடங்களில் ஏதோ ஒன்று குறைந்துவிடுகிறது. தளத்துக்கென்று அதிகாரப்பூர்வ செயலி கிடையாது. கைப்பேசி உலாவியிலேயே பக்கம் நன்றாகத் திறக்கிறது என்பதால் இது பெரிய குறையல்ல. படிப்பதற்குக் கணக்கு வேண்டியதில்லை. எழுதுவதற்குக் கணக்கு தொடங்க, மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு அழைப்பு வரும் வரை காத்திருக்க வேண்டும். பதிவு செய்த வாசகர்கள் மட்டுமே பார்க்கும்படி பூட்டிவைக்கப்பட்ட கதைகளும் உண்டு. ஆகவே தொடர்ந்து படிக்க விரும்புவோர் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பெற்றோர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். வயது வந்தோருக்கான கதைகள் இத்தளத்தில் ஏராளம். அவற்றைத் தடை செய்வது தளத்தின் கொள்கையன்று, தெளிவாகக் குறித்துவைப்பதுதான் கொள்கை. வயது மதிப்பீட்டு வரிசையில் ‘ஜெனரல் ஆடியன்ஸஸ்’, ‘டீன் அண்ட் அப்’ ஆகிய இரண்டு மட்டும் எஞ்சும்படி மற்றவற்றை விலக்கி வடிகட்டினால் பெரும்பாலும் சிக்கல் வராது. மதிப்பீடு இடப்படாத கதைகளை வளரிளம் பருவத்தினர் தவிர்ப்பது நலம்.

படிக்கும் வசதியில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கதையையும் இபப், பிடிஎஃப், மோபி, ஏஇசட்டபிள்யூ3, எச்டிஎம்எல் ஆகிய வடிவங்களில் கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம். நீண்ட மாற்று உலகக் கதைகளைக் கைப்பேசித் திரையில் படிப்பதைவிட, இபப் ஆக இறக்கி மின்நூல் கருவியில் படிப்பதையே நான் விரும்புகிறேன். தமிழ் எழுத்துருவைச் சரியாகக் காட்டும் கருவி என்றால் தமிழ்க் கதைகளையும் அப்படியே படிக்கலாம். எழுத்தாளர் கதையைப் பின்னாளில் நீக்கிவிட்டாலும் நம்மிடம் ஒரு படி இருக்கும்.

மாற்று உலகக் கதைகளில் ஆர்வமுள்ள எவருக்கும் இத்தளத்தை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். புதிதாக நுழைபவர்கள், மூலக் கதை நன்கு மனப்பாடமான ஒரு படைப்பின் பகுதியிலிருந்து தொடங்கட்டும். மாடர்ன் செட்டிங் குறிச்சொல்லைச் சேர்த்து, முடிந்த கதைகளை மட்டும் காட்டச் சொல்லி, புத்தகக்குறி வரிசையில் மேலே இருப்பவற்றின் குறிப்புகளைப் படித்துவிட்டு ஒன்றைத் திறக்கட்டும். தமிழில் எழுத நினைப்பவர்கள், கதையைப் பதிவிடும் படிவத்தில் மொழியைத் தமிழ் என்று மறக்காமல் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் வடிகட்டியில் அந்தக் கதை அகப்படாது. கூடுதல் குறிப்புகளில் ஆங்கிலப் பொதுக் குறிச்சொல்லோடு தமிழிலும் ஒன்றை இட்டுவைக்கலாம். மூலப் படைப்பு, உறவு, மாந்தர், கூடுதல் குறிப்பு எல்லாம் சேர்த்து 75 வரை தளம் அனுமதிக்கிறது என்பதால் இடப் பற்றாக்குறை வராது.